சலீம் அலியும் நம் குளத்துப் பறவைகளும்

கார்த்திகை பிறந்துவிட்டது. நாஞ்சில் நாட்டில் மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருக்கிறது. கும்பப்பூப் பயிர் தூர் கட்டி நிற்கிறது. தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் கரை தொட்டுத் ததும்புகின்றன. பேருந்தில் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவர் சுசீந்திரம் தாண்டும்போது சன்னல் வழியே ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். குளத்தின் நடுவே கறுப்புக் கறுப்பாய் நாமக்கோழிகள். ஓரத்துத் தாழையில் நீலக்கோழிகள். மஞ்சள் அலகை நீருக்குள் விட்டுத் துழாவும் நாரைகள். ஆகாயத்தில் வட்டமிட்டு இறங்கும் ஆலாக்கள். இவற்றோடு, ஐப்பசிக்கு முன்பு இங்கே இல்லாத வாத்துக் கூட்டங்கள்.

இவை எங்கிருந்து வந்தன? யார் சொல்லி வந்தன? திரும்ப எங்கே போகும்? மறு ஆண்டும் இதே குளத்துக்கு வருவது இதே பறவைதானா, அல்லது இதன் பங்காளியா?

இந்தக் கேள்விகளைக் கேட்டவர் பலர். விடை காண ஓர் ஆயுளையே செலவிட்டவர் ஒருவர். அவர் சலீம் அலி. பம்பாயில் பிறந்தவர், ஆனால் நம் ஆரல்வாய்மொழிக் காற்றிலும் கூடாரம் அடித்து நின்றவர். அவருடைய வாழ்க்கையை இன்று நாம் நினைவுகூர விரும்புகிறோம்.

அரசியல் ஏட்டுக்குப் பறவை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். விலைவாசி ஏறிக்கிடக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டுகிறது, இவர்களுக்குக் கொக்கும் நாரையும் கேட்கிறதோ என்று கேலி பேசலாம். அவர்களுக்கு நாம் தரும் பதில் சுருக்கமானது. பறவை இறங்கும் குளம் எது? உழவன் மடை திறக்கும் குளம். குளம் போனால் பறவை வேறு நாடு தேடிப் பறந்துவிடும். உழவன் எங்கே பறப்பான்?

1896 நவம்பர் 12ஆம் நாள் சலீம் அலி பிறந்தார். பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியும், பிள்ளையில்லாத அத்தை அமீதா பேகமும் பம்பாய் கேத்வாடியில் அவரை வளர்த்தார்கள். மாமா வேட்டைப் பிரியர். பையனுக்கு விளையாட ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்றல் இருந்தது. வீட்டுக் கூரையில் கூடு கட்டும் குருவிக்கு இப்படி இருக்காதே! மாமா அவனை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். 1883இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. அங்கே செயலாளராக இருந்தவர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயர். அவர் பையனை விரட்டவில்லை. மஞ்சள் கழுத்துக் குருவி இது என்று சொல்லி, பஞ்சு அடைத்துப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். அன்று திறந்தது இழுப்பறை மட்டுமன்று. ஒரு சிறுவனின் கண்ணும் திறந்தது.

இங்கே ஒரு நொடி நிற்க வேண்டும். கேள்வியோடு வந்த ஒரு சிறுவனை உள்ளே அழைத்து உட்கார வைத்ததால் இந்தியாவுக்குப் பறவையியல் கிடைத்தது. நம் பள்ளிகளில் கேள்வி கேட்கும் பிள்ளையின் தலையில் குட்டு விழுகிறதா, கையில் புத்தகம் விழுகிறதா? ஆசிரியத் தோழர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

கல்லூரிப் படிப்பு அவருக்குக் கைகூடவில்லை. கணக்கு அவரைத் துரத்தியது. பர்மாவில் தவாய்க்குப் போய்க் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலிலும் மர வியாபாரத்திலும் இருந்தார். அங்கும் கண் காட்டிலேயே இருந்தது. 1917இல் திரும்பி வந்து, பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் பிளாட்டர் பாதிரியாரின் ஊக்கத்தில் விலங்கியல் படித்தார். 1918இல் தெமினாவை மணந்தார். முறையான பட்டம் இல்லாத காரணத்தால் அரசின் விலங்கியல் துறையில் இடம் கிடைக்கவில்லை. நாட்டிலேயே அந்தத் துறையில் அவரைவிடத் தெரிந்தவர் சிலரே; ஆனாலும் கையில் காகிதம் இல்லை, ஆகவே வேலை இல்லை! இன்றும் இந்தக் கதை நமக்குப் புதிதல்லவே.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டாண்டில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். ஆங்கிலேயர் ஆண்ட நாட்டிலிருந்து லண்டனுக்குப் போகாமல் பெர்லினுக்குப் போனார். அங்கே ஸ்ட்ரெசமான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். சாகும்வரை அவரையே தம் குருவாகக் கருதினார். வடகடலில் உள்ள எலிகோலாந்துத் தீவில்தான் பறவையின் காலில் வளையமிடும் கலையை நேரில் கண்டார்.

அந்தக் கலை என்ன? மிக எளிது. 1899இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்னும் பள்ளி ஆசிரியர் மைனா இனப் பறவைகளின் காலில் அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். ஒவ்வொரு வளையத்திலும் ஓர் எண், ஒரு முகவரி. பறவை எங்கேனும் பிடிபட்டாலோ செத்து விழுந்தாலோ, கண்டவர் அந்த எண்ணை எழுதி அனுப்பினால் போதும். புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் தெரிந்துவிடும். நடுவே கழிந்த காலமும் தெரிந்துவிடும். தபால்தலை ஒட்டாத கடிதம் அது. தன் சிறகாலேயே போய்ச் சேரும் கடிதம்.

மேல்நாடுகளில் இன்று குளிர்காலம் தொடங்கும்போது வீட்டுக் கொல்லைகளில் தானியப் பெட்டி தொங்கவிடுகிறார்கள். பனியில் இரை கிடைக்காத சிறு பறவைகள் அங்கே வந்து கொத்துகின்றன. வீட்டுக்காரர்கள் சன்னலோரம் உட்கார்ந்து எந்தக் குருவியின் காலில் வளையம் மின்னுகிறது என்று பார்க்கிறார்கள். எண்ணையும் நிறத்தையும் குறித்து நிலையங்களுக்கு எழுதுகிறார்கள். போன ஆண்டு வந்த அதே குருவி இந்த ஆண்டும் அதே கொல்லைக்கு வந்திருப்பதை அறிந்து மகிழ்கிறார்கள். விஞ்ஞானி ஒருவர் செய்ய முடியாத வேலையைச் சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் கூடிச் செய்கிறார்கள்.

நமக்கு இது புதிதா? அறுவடையானதும் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டி இறவாரத்தில் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிக்கு விருந்து வைத்தவர்கள் நம் பாட்டிமார். காக்கைக்குச் சோறு வைக்காமல் உண்ணாத வீடுகள் இன்றும் உண்டு. இரை வைக்கும் கை நமக்கு இருந்தது. பார்த்ததை எழுதி வைக்கும் பழக்கம்தான் இல்லாமல் போயிற்று. அந்தப் பழக்கத்தை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சலீம் அலி.

1930இல் ஜெர்மனியிலிருந்து திரும்பினார். பணமில்லை என்று சொல்லி அவர் வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். கையில் உலகறிந்த படிப்பு. சட்டைப் பையில் காசில்லை. பம்பாய்க்குத் தெற்கே கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் போய்க் குடியிருந்தார். எதிரே தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. வேலையற்ற அறிஞர் நாள் முழுதும் அவற்றைப் பார்த்தார். அதுவரை யாரும் சரியாகக் கண்டிராத ஒன்றைக் கண்டார். ஆண்குருவி கூட்டைப் பாதிதான் பின்னுகிறது. பெண்குருவி வந்து சோதித்துப் பார்க்கிறது. பிடித்தால் குடியேறுகிறது, பிடிக்காவிட்டால் திரும்பிப் பாராமல் போய்விடுகிறது. குடியேறிய பின்புதான் ஆண் மீதிக் கூட்டை முடிக்கிறது. முடித்ததும் வேறொரு கூடு தொடங்கி வேறொரு துணையைத் தேடுகிறது. நம்மூர்ப் பனையிலும் தென்னையிலும் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய கூடுகள்தாம். நாம் அண்ணாந்து பார்த்தோம். அவர் உற்றுப் பார்த்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

பிறகு அவர் ஒரு வழி கண்டார். சமஸ்தானங்களின் கதவைத் தட்டினார். எனக்குச் சம்பளம் வேண்டாம். பயணச் செலவும் முகாம் செலவும் கொடுத்தால் உங்கள் ராஜ்யத்தின் பறவைகளையெல்லாம் கணக்கெடுத்துத் தருகிறேன் என்ற ஏற்பாடு அது. ஐதராபாத் ஒப்புக்கொண்டது. அடுத்துத் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒப்புக்கொண்டன. 1933இல் மறையூர் மலையில் தொடங்கியது அந்தப் பயணம். மனைவி தெமினாவும் கூடாரத்துக்குக் கூடாரம் உடன் வந்தார். காடு, மேடு, காயல், கழனி என்று சுற்றித் தெற்கே நம் மண்ணுக்கும் வந்தார்கள். ஆரல்வாய்மொழியில் முகாமிட்டார்கள். கன்னியாகுமரி முனைவரை போனார்கள்.

அன்றைய நாஞ்சில் நாட்டை எண்ணிப் பாருங்கள். திருவிதாங்கூர் மன்னரின் கொடி பறந்த காலம். சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை கேட்டு 1926இல் எம். இ. நாயுடு முதலியோர் சத்தியாகிரகம் நடத்திய சூடு ஆறாத காலம். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா இருபத்தைந்து வயது இளைஞராய்ப் பொதுவாழ்வில் குதித்திருந்த காலம். தெப்பக்குளத்தில் கொக்கு இறங்கலாம். கோபுரத்தில் புறா குடியிருக்கலாம். உழுது நெல் விளைவித்துத் தந்த மனிதன் மட்டும் கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது! அந்தக் கதவு திறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். தற்செயலாக அது சலீம் அலியின் பிறந்தநாளும்கூட. பறவைக்கு எல்லையில்லை என்று வியக்கும்போதெல்லாம், மனிதனுக்கு எத்தனை எல்லை போட்டிருந்தோம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியவர்கள் நாம்.

அந்தக் கணக்கெடுப்பு கட்டுரைகளாக வந்தது. பிறகு 1953இல் திருவிதாங்கூர் கொச்சிப் பறவைகள் பற்றிய நூலாக வெளிவந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. மாவட்டம் இங்கே வந்தது. நம் பறவைகளின் பழைய கணக்கோ கேரளப் பறவை நூலில்தான் இருக்கிறது. அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஏட்டை நம் மாணவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும் என்றே சொல்கிறோம். முக்கால் நூற்றாண்டு கழித்து 2009இல் கேரளத்துப் பறவையாளர்கள் அவர் போன வழியே மீண்டும் போய், எது இருக்கிறது, எது போய்விட்டது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய கணக்கு இருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. எழுதி வைத்தவனே வருங்காலத்துக்குச் சாட்சி.

1939இல் தெமினா ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். காட்டிலும் வெயிலிலும் உடன் நடந்த துணை போயிற்று. துக்கத்தை அவர் வேலையில் கரைத்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. சாதாரண மனிதன் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் நின்று இது இன்ன பறவை என்று அடையாளம் காண உதவிய நூல் அது. சிறையிலிருந்த நேரு அதைப் படித்து மகள் இந்திராவுக்கு அனுப்பினார். பின்னாளில் சங்கம் பணமின்றித் தத்தளித்தபோது நேருவின் உதவியை நாடிப் பெற்றார் சலீம் அலி. 1968 முதல் 1974 வரை அமெரிக்கரான ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதிகளாக இந்தியப் பாகிஸ்தான் பறவைகளின் பெருநூலை வெளியிட்டார். அது இன்றும் துறையின் அடித்தளம்.

இனி வளையத்துக்கு வருவோம். 1957இல் கர்நாடகத்தின் சிமோகாக் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலால் மாண்டார்கள். உண்ணி வழியே பரவும் நோய் அது. வலசை வரும் பறவைகள் அந்த உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவா என்ற ஐயம் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959 அளவில் சங்கம் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியது. ஆயிரமாயிரம் பறவைகளைக் காயமின்றிப் பிடிக்க வேண்டும். யார் பிடிப்பது? பட்டம் பெற்றவர்களால் முடியவில்லை. பீகாரிலிருந்து மீர்சிகார் என்னும் பரம்பரை வேட்டைக்காரர்களை அழைத்தார்கள். கண்ணியும் வலையும் அவர்கள் கையில் பேசின. அவர்களில் அலி உசேன் என்பவரின் பெயர் உலகப் பறவையாளர் நடுவே புகழ்பெற்றது. ஏட்டறிவு ஒரு பக்கம் நிற்க, உழைப்பாளியின் கையறிவு முன்னே வந்து வேலையை முடித்தது. விஞ்ஞானத்தின் வரலாற்றில் இத்தகையோருக்கு உரிய இடத்தைக் கொடுக்க நாம் தயங்கக்கூடாது.

பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத் நாட்டில் கிடைத்தன. வல்லரசுகள் முறைத்துக்கொண்டு நின்ற நாட்களில் வாத்துகள் கடவுச்சீட்டின்றி இமயத்தைக் கடந்து போய்வந்தன. நம் கோடியக்கரையில் இலட்சக்கணக்கில் இறங்கிய உள்ளான்களுக்கும் பூநாரைகளுக்கும் 1967இல் சரணாலயம் அமைந்தது. அங்கே சங்கம் பல்லாண்டு நடத்திய வளைய முகாம்கள் தமிழகப் பறவை ஆய்வுக்கே பள்ளிக்கூடமாயின.

ஆனால் இந்த வேலையில் ஒரு முள்ளும் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவி தவிர, அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பணமும் இந்தப் பறவை ஆய்வில் சேர்ந்தது. பறவை வழியே நோய் பரப்பும் வித்தையை ராணுவம் கற்கிறதோ என்ற கேள்வி எழுந்தது. 1970களின் நடுவில் பாராளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு இதை ஆராய்ந்தது. சலீம் அலி தம் ஆய்வில் மறைவேதும் இல்லை என்று உறுதியாக நின்றார். அவருடைய நேர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கேள்வி எழுப்பியது தவறும் அன்று. பணம் யாருடையது, கண்டுபிடித்தது யாருக்குப் போகிறது என்று மக்கள் மன்றம் கேட்டே தீர வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியவர் செய்த பிழையை மூடி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பரத்பூர்ச் சதுப்பு நிலத்தைக் காக்க வாதாடியவர் அவர். அங்கே மாடு மேய்வதை நிறுத்த வேண்டும் என்பதும் அவர் கருத்து. 1982இல் தடை வந்தது. சுற்றுப்புற ஊர்களின் ஏழை மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். போலீஸ் சுட்டது, பலர் மாண்டார்கள். பின்னர் நடந்தது என்ன? எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்கே இடம் குறைந்தது. அவருடைய சங்கமே பல ஆண்டு நடத்திய ஆய்வு இந்த உண்மையைச் சொன்னது. எருமையும் அதை மேய்த்தவனும் பறவைக்குப் பகைவர் அல்லர், துணைவர். ஓர் ஆய்வு தன் தலைவரின் கருத்துக்கே மாறான உண்மையைக் கண்டு அதை வெளியிடவும் செய்தது. அதுவும் சலீம் அலி வளர்த்த மரபுதான்.

அவர் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தார். பத்ம பூஷணும் பத்ம விபூஷணும் பெற்றார். 1970களில் கிடைத்த கெட்டி பரிசுப் பணம் 50,000 டாலரை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்தார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு அவருடைய தன்வரலாறும் வந்தது. சிறுவயதில் வீழ்த்திய அந்தச் சிட்டுக்குருவியின் பெயரால் அதற்குத் தலைப்பிட்டிருந்தார். 1987இல் தொண்ணூறு வயதில் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மையம் நிற்கிறது.

இப்போது நம் குளத்துக்குத் திரும்புவோம். சுசீந்திரம், தேரூர், மணக்குடிப் பகுதி காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் ஏறக்குறைய 94 எக்டேர் பரப்போடு உலகப் புகழ் வாய்ந்த ராம்சார் பட்டியலில் ஏறியது. வேம்பனூர் ஈரநிலமும் அதே ஆண்டு ஏறியது. கவிமணி பிறந்த தேரூருக்கு இது பெருமைதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் குளத்தில் தண்ணீர் ஏறிவிடுமா?

நாஞ்சில் நாட்டில் குளங்கள் தனித்தனியே இல்லை. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கும், பழையாற்றுக்கும், மணக்குடிக் காயலுக்கும் போகும். ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே அறும். இரண்டு குளத்துக்குப் பட்டம் சூட்டிவிட்டு, இடையிலுள்ள ஓடையில் சாக்கடையைத் திறந்துவிட்டால் என்ன பயன்? வயலை மனையாக்கிக் கல் நட்டுவிட்டு, குளத்தங்கரையில் பறவைப் படம் போட்ட பலகை வைத்தால் என்ன பயன்? வாத்து வருவது பலகையைப் பார்த்தன்று.

அதேபோல், காப்பு என்ற பெயரால் தாமரை பறிப்பவனையும், மீன் குத்தகைக்காரனையும், கரையில் மாடு மேய்ப்பவனையும் விரட்டக் கிளம்பினால் அதையும் நாம் ஏற்கமாட்டோம். பரத்பூர் ஒரு முறை போதும். பறவையை வெடி வைத்து விரட்டுவது கூடாது என்று மீனவத் தோழர்களிடம் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் மீன் குறைந்தால் அவர்கள் வீட்டு உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. ஊராட்சியும் வனத்துறையும் பொதுப்பணித்துறையும் உழவர் சங்கங்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால் தீராத சிக்கல் இல்லை. வரத்துக்கால் தூர்வாருவது, சாக்கடையைத் தடுப்பது, ஆக்கிரமிப்பை அகற்றுவது ஆகிய மூன்றையும் செய்தால் உழவனுக்கும் லாபம், மீனவனுக்கும் லாபம், பறவைக்கும் லாபம்.

இளைஞர்களிடம் நாம் கேட்பது ஒன்று. இந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து குளத்தங்கரைக்குப் போங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். என்ன பறவை, எத்தனை, எந்த இடம், எந்த நேரம் என்று எழுதுங்கள். ஏதேனும் ஒரு பறவையின் காலில் வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால் துரத்தாதீர்கள். நிறத்தையும், படிக்க முடிந்தால் எழுத்தையும் எண்ணையும் குறித்து பம்பாய்ச் சங்கத்துக்கு எழுதுங்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் மாட்டிவிட்ட கேள்விக்கு நாஞ்சில் நாட்டிலிருந்து நீங்கள் பதில் எழுதுகிறீர்கள் என்று பொருள்.

பட்டமில்லாமல், பதவியில்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நின்ற அந்த மெலிந்த மனிதர் நமக்கு விட்டுச் சென்றது இந்தப் பழக்கம்தான். பார்ப்பது, எழுதுவது, உண்மையென்று தெரிந்தால் தன் கருத்தையே திருத்திக்கொள்வது. குளத்தைக் காக்க இதைவிடப் பெரிய ஆயுதம் நம் கையில் இல்லை. பங்குனியில் இந்த வாத்துகள் வடக்கே திரும்பிவிடும். அடுத்த ஐப்பசியில் அவை மீண்டும் வந்து தேடும்போது, குளம் இருக்க வேண்டும். அதைக் காத்துத் தருவது நம் பொறுப்பு.